ஏஎக்ஸ்1500 ரவுட்டர் ரிவ்யூ: நெட் படுத்துட்டா இது என்ன பண்ணும்?

ரவுட்டர் ரிவ்யூன்னாலே எல்லாரும் ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டா போட்டுத் தள்ளுறாங்க. நெட் நல்லா ஓடும்போது எல்லா டப்பாவும் நல்ல டப்பா தாங்க. நெட் படுத்துடுச்சுன்னா அது நமக்கு ஏதாவது சொல்லுதா, கோளாறு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க விடுதா, இல்ல ஒத்த லைட்ட எரிச்சுக்கிட்டு கம்முனு உக்காந்திருக்கா, அத வெச்சுத்தான் நான் மார்க் போடுவேன். பிராண்ட் பேரு போடல, இந்த ரேஞ்சுல வர்ற டப்பாங்க நிறைய கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கு, நீங்க வாங்கப்போற டப்பாவுல எதெல்லாம் பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

செட்டப் சிம்பிள். ஃபைபர் லைன், நெட் கம்பெனி குடுத்த மோடம் டப்பா ஒண்ணு, அதுலயே வைஃபையும் இருக்கு ஆனா ரெண்டு ரூம் தாண்டாது, அதனால அதுல இருந்து ஒரு லேன் ஒயர் இழுத்து இந்த ரவுட்டரோட வேன் போர்ட்ல (வெளிய இருந்து நெட் உள்ள வர்ற போர்ட்) குத்தியிருக்கு. நிறைய வீட்ல இதே கதை தான். பிரச்சன வந்தா யாரு மேல பழி போடுறதுன்னு ஆரம்பிக்கிறதும் இந்த ரெண்டு டப்பாவுக்கு நடுவுல தான்.

முதல்ல லைட். இதுல இந்த ரவுட்டர் ஃபெயில்னே சொல்லிடுறேன். முன்னாடி ஒரே ஒரு லைட்டு, நீலம்னா ஓகே, ஆரஞ்சுன்னா ஏதோ சரியில்ல, அவ்ளோதான். அந்த "ஏதோ"க்குள்ள தானே எல்லாமே இருக்கு, ஒயர் கழண்டிருக்கா, மோடம் ஐபி (நெட்வொர்க்ல டப்பாவுக்கு இருக்குற அட்ரஸ் நம்பர்) குடுக்கலையா, லாகின் ஆகலையா, எதுவும் தெரியாது. பாக்க அழகா இருக்கணும்னு லைட்ட எல்லாம் எடுத்துட்டாங்க போல. நெட் கம்பெனியோட அந்த மொக்க மோடம் இந்த விஷயத்துல எவ்வளவோ மேல், பவர், பான் (ஃபைபர் கனெக்ஷன்), லாஸ் (சிக்னல் இல்ல), இன்டர்நெட், ஒவ்வொரு லேன் போர்ட்டுக்கும் தனித்தனின்னு வரிசையா லைட் இருக்கு.

அதனால நெட் போனா நான் ரவுட்டர் பக்கமே முதல்ல போறதில்ல, மோடம் லைட்ட தான் பாப்பேன். லாஸ் லைட் சிவப்பா மினுக்குனா ஃபைபர்ல சிக்னலே வரல, வெளிய எங்கயோ கட் ஆகியிருக்கு, இல்லன்னா வீட்டுக்குள்ளயே பீரோவுக்குப் பின்னாடி அந்த மெல்லிசு ஒயர் மடங்கிப் போயிருக்கு, இல்ல பச்சக் கலர் கனெக்டர் சரியா உக்காரல. அந்த நேரத்துல ரவுட்டர எத்தன தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் ஒண்ணும் நடக்காது. கனெக்டர கழட்டுனா முனைய கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்காதீங்க, உள்ள வர்ற லேசர் கண்ணுக்கே தெரியாது ஆனா கண்ண கெடுக்கலாம். முனைய விரலால தொடவும் கூடாது, தூசி ஒட்டுனா சிக்னல் குறைஞ்சிடும். சில மோடம்ல உள்ள போய்ப் பாத்தா ஆப்டிகல் பவர் (ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தோட அளவு) எவ்ளோன்னு டிபிஎம் கணக்குல நம்பரே காட்டும், மைனஸ் 15ல இருந்து மைனஸ் 25 வரைக்கும் இருந்தா நிம்மதியா தூங்கலாம், மைனஸ் 27 பக்கம் போச்சுன்னா அடிக்கடி விட்டு விட்டு வரும், அத சொல்லி கம்ப்ளைன்ட் குடுத்தா லைன்மேன் வேகமா வர்றாரு. பான் லைட் பச்சையா நிலையா எரிஞ்சு இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பா இருந்தா ஃபைபர் நல்லா இருக்கு, லாகின்ல தான் கோளாறு, யூசர் நேம் பாஸ்வேர்ட் போயிருக்கும் இல்ல கம்பெனி சைடுல ஏதாவது.

சரி மோடம் லைட் எல்லாம் பச்ச, ஆனா போன்ல "கனெக்டட், நோ இன்டர்நெட்"னு வருது. இங்க தான் இந்த ரவுட்டர் தன் வேலைய காட்டுது. இதோட ஸ்டேட்டஸ் பக்கம் நிஜமாவே சூப்பர். பிரவுசர்ல 192.168.0.1 போட்டு உள்ள போனா முதல் பக்கத்துலயே வேன் ஐபி என்ன, எத்தன நேரமா கனெக்ஷன் நிக்குது, டிஎன்எஸ் (சைட் பேர ஐபி நம்பரா மாத்திக் குடுக்குற சர்வர்) என்ன, போர்ட் எந்த ஸ்பீட்ல லிங்க் ஆகியிருக்கு எல்லாம் பெருசா போட்டிருக்கான். வேற சில ரவுட்டர்ல இத தேட மூணு மெனு உள்ள போகணும்.

வேன் ஐபிய பாத்தாலே பாதி வியாதி தெரிஞ்சிடும். 0.0.0.0ன்னு இருந்தா மோடம் ஒண்ணுமே குடுக்கல, ஒயர பாரு இல்ல மோடத்த ரீஸ்டார்ட் பண்ணு. 192.168ன்னு ஆரம்பிச்சா மோடமும் ரவுட்டர் வேல பாக்குது, ரெண்டு தடவ நேட் (வீட்டுக்குள்ள இருக்குற ஐபிய வெளி ஐபியா மாத்துறது) ஆகுது. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது வந்தா அது நெட் கம்பெனி நிறைய பேருக்கு ஒரே ஐபிய பங்கு போட்டுக் குடுக்குறது, 2012ல அதுக்குன்னே ஒதுக்கி வெச்ச ரேஞ்ச் அது, பிரவுசிங்குக்கு ஒரு பிரச்சனையும் இல்ல ஆனா வீட்டு கேமராவ வெளிய இருந்து பாக்கணும்னு போர்ட் ஃபார்வர்ட் (வெளிய இருந்து வர்ற கனெக்ஷன உள்ள இருக்குற டிவைஸுக்கு அனுப்புறது) போட்டா வேலைக்கு ஆகாது, ரவுட்டர திட்டி பிரயோஜனம் இல்ல. லேப்டாப்ல 169.254ன்னு வந்தா அது வேற, லேப்டாப்புக்கு ரவுட்டர்கிட்ட இருந்தே ஐபி வரல, தானா ஒண்ண வெச்சுக்கிட்டு நிக்குது.

இன்னொரு நல்ல விஷயம். மோடம் 192.168.1.1, புது ரவுட்டரும் 192.168.1.1ன்னு இருந்தா ரெண்டும் மோதிக்கிட்டு நெட்டே வராது, புதுசா ரவுட்டர் வாங்கி மாட்டுன நிறைய பேர் "டப்பா டெட், ரிட்டர்ன்"னு ஒரு ஸ்டார் போடுறது இதுக்குத்தான். இந்த ரவுட்டர் அத தானா கண்டுபிடிச்சு தன்னோட நம்பர மாத்திக்கவான்னு கேக்குது. சின்ன விஷயம் தான், ஆனா கேக்குது பாருங்க.

டபுள் நேட் பத்தி கொஞ்சம். ஒரே வாசலுக்கு ரெண்டு வாட்ச்மேன் போட்ட மாதிரி தான், உள்ள இருந்து வெளிய போறவங்களுக்கு பெரிய தொல்ல இல்ல, வெளிய இருந்து யாராவது வரணும்னா தான் அவரக் கேளு இவரக் கேளுன்னு அலையவிடுவாங்க. சும்மா வீடியோ பாக்குற வீட்ல அப்படியே விட்டுடலாம், தல போற விஷயம் இல்ல. ஆன்லைன் கேம்ல "ஸ்ட்ரிக்ட் நேட்"னு வருதுன்னா, இல்ல வெளிய இருந்து வீட்டு கம்ப்யூட்டருக்குள்ள வரணும்னா மட்டும் ரெண்டுல ஒண்ணு பண்ணணும். ஒண்ணு மோடத்த பிரிட்ஜ் மோடுக்கு (லைன மட்டும் கடத்தி விடுற மோடு) மாத்தி ரவுட்டர டயல் பண்ண விடுறது, அதுக்கு பிபிபிஓஇ (நெட் கம்பெனில லாகின் ஆகுற முறை) யூசர் நேம், பாஸ்வேர்ட், சில கம்பெனில வீலேன் நம்பரும் (ஒரே லைன்ல டிராஃபிக்க பிரிச்சு வெக்குற நம்பர்) வேணும். இல்லன்னா இந்த ரவுட்டர ஆக்சஸ் பாயின்ட் மோடுல போடுறது, அப்போ இது வெறும் வைஃபை குடுக்கும், ஐபி குடுக்குற வேலைய மோடம் பாத்துக்கும். இதுல ஆக்சஸ் பாயின்ட் மோடு ஒரே கிளிக்ல மாறுது, ஆனா மாறுன உடனே 192.168.0.1ல உள்ள போக முடியாது, மோடம் அதுக்கு என்ன ஐபி குடுத்துச்சுன்னு மோடத்தோட கிளையன்ட் லிஸ்ட்ல போய்ப் பாக்கணும், இத பாக்ஸ்ல இருக்குற பேப்பர்ல ஒரு வரி கூட எழுதல. சில பேர் மோடு மாத்தாம ஒயர மட்டும் வேன் போர்ட்ல இருந்து எடுத்து லேன் போர்ட்ல குத்திடுறாங்க, அப்போ ரெண்டு டப்பாவும் போட்டி போட்டு ஐபி குடுக்கும், ஒரு போன்ல நெட் வரும் பக்கத்து போன்ல வராது, பேய் புடிச்ச மாதிரி இருக்கும்.

பிரிட்ஜ் மோடுல டயல் பண்றப்போ சில சைட் மட்டும் பாதி திறந்து சுத்திக்கிட்டே நிக்குதுன்னா எம்டியூவ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) பாருங்க, பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கும், 1500ல மிச்சம் 1492. இந்த ரவுட்டர் அத சரியாவே போட்டுக்குது.

இப்போ ஒயர். எனக்கு இந்த டப்பா மேல மரியாத வந்தது இதுல தான். ஸ்பீட் டெஸ்ட் எப்போ எடுத்தாலும் 94 எம்பிபிஎஸ், மிஞ்சிப்போனா 95, பிளான் அதுக்கும் பல மடங்கு மேல. முன்னாடி இருந்த ரவுட்டர்ல அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, அது ஏசி1200ன்னு பாக்ஸ்ல பெருசா போட்டுட்டு பின்னாடி போர்ட் எல்லாம் 100 எம்பிபிஎஸ் தான் குடுத்திருந்தான். அந்த 1200ங்கிறது 2.4 கிகாஹெர்ட்ஸோட 300ம் 5 கிகாஹெர்ட்ஸோட 867ம் கூட்டி ரவுண்ட் பண்ண வைஃபை கணக்கு, உள்ள வர்ற வாசலே 100னா எவ்ளோ கூட்டி எழுதி என்ன. இது ஏஎக்ஸ்1500, 300 கூட்டல் 1201, போர்ட் எல்லாம் கிகாபிட், அப்படியிருந்தும் அதே 94. ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் போர்ட் பக்கத்துல ஆரஞ்சுல 100ன்னு போட்டு, ஒயர செக் பண்ணுன்னு ஒரு வரி இருந்துச்சு. விஷயம் என்னன்னா கிகாபிட்டுக்கு ஒயருக்குள்ள இருக்குற எட்டு கம்பியும் வேணும், 100க்கு நாலே போதும், 1, 2, 3, 6. மீதி நாலுல ஒண்ணு விட்டாலும் ரெண்டு டப்பாவும் பேசி வெச்சு சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், நெட் நிக்காது, அதனால யாருக்கும் சந்தேகமும் வராது. கண்ணாடி மாதிரி இருக்குற அந்த ஆர்ஜே45 பிளக்க வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா பிரவுன் கம்பி ஒண்ணு மத்த கம்பி அளவுக்கு முனை வரைக்கும் வராம கொஞ்சம் உள்ளயே நின்னுட்டுது, கிரிம்ப் பண்ணவரு அவசரத்துல அடிச்சிருக்காரு. வேற கேட் 5இ ஒயர் மாத்துன அடுத்த செகண்ட் 1000ன்னு பச்சையா வந்துச்சு. அதனால 94ங்கிற நம்பர எங்க பாத்தாலும் முதல்ல ஒயரையும் போர்ட்டையும் பாருங்க, கம்பெனிக்கு போன் போடுறது அப்புறம்.

அடாப்டர் பத்தி யாருமே பேச மாட்டேங்குறாங்க. ரவுட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகுது, அதுவும் எல்லாரும் ஒண்ணா யூஸ் பண்ற நேரமா பாத்து ஆகுதுன்னா பாதி நேரம் அடாப்டர் தான் காரணம். இந்த ரவுட்டருக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் குடுத்திருக்கான், மோடத்தோடதும் 12 வோல்ட், பின் கூட ஒரே சைஸ், ஆனா மோடம் அடாப்டர்ல எழுதியிருக்குறது 0.5 ஆம்பியர். இடம் மாத்தும்போது ரெண்டையும் மாத்திச் சொருகிட்டா ரவுட்டர் ஆன் ஆகும், லைட் எரியும், லோடு ஏறுனா படுத்துடும். வோல்ட் அதே இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கணும், பின் உள்ள வெளிய பிளஸ் மைனஸ் எப்படின்னு அந்தச் சின்னப் படத்தையும் பாத்துக்கணும். ரெண்டு அடாப்டர்லயும் மார்க்கர்ல பேரு எழுதி ஒட்டிடுங்க. ரீஸ்டார்ட் ஆச்சான்னு தெரிய ஸ்டேட்டஸ் பக்கத்துல அப்டைம் பாத்தா போதும், அப்டைம் நாள் கணக்குல ஓடிட்டிருந்து நெட் மட்டும் விட்டு விட்டு வருதுன்னா ரீஸ்டார்ட் காரணம் இல்ல, வேற எங்கயோ பாக்கணும்.

லாக் இருக்கு, ஆனா திருப்தி இல்ல. எப்போ வேன் லிங்க் போச்சு, எப்போ வந்துச்சுன்னு எழுதுது, கம்பெனிக்காரங்க "எங்க சைடுல எல்லாம் நல்லா இருக்கு சார்"னு சொல்லும்போது டைமோட எடுத்துக் காட்ட அது ஒண்ணு தான் நம்மகிட்ட இருக்குற ஆதாரம். ஆனா பவர் போனா லாக் மொத்தமும் அழிஞ்சிடும், மெமரில தான் வெச்சிருக்கு. அது மட்டும் இல்லாம நெட் இல்லாத நேரத்துல ஆன் ஆனா டைம் எடுக்க வழியில்லாம 1970 ஜனவரி 1ன்னு எழுதிட்டு நிக்குது. அதனால கோளாறு வந்தா ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே லாக்க போட்டோ எடுத்து வெச்சுக்குறது நல்லது. எல்லாரும் செய்றது தலைகீழா, முதல்ல ஸ்விட்ச அமுத்திட்டு அப்புறம் தான் என்ன ஆச்சுன்னு தேடுறது.

இதோட ஆப் இருக்கே, அத நெனச்சா தான் கடுப்பு. நெட் இல்லன்னு பாக்கத்தான் ஆப்ப திறக்குறோம், அது கிளவுட்ல லாகின் பண்ணுன்னு கேக்குது, கிளவுடுக்குப் போக நெட் வேணும். யாருங்க இத டிசைன் பண்ணது? மொபைல் டேட்டாவ ஆன் பண்ணி லாகின் பண்ணா "ரவுட்டர் ஆஃப்லைன்"னு ஒரு சோக மூஞ்சி பொம்ம வருது, அதான் எங்களுக்கே தெரியுமே. ஆப்ப தூக்கிட்டு பிரவுசர்ல போங்க, போகும்போது மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிடுங்க, சில போன் வைஃபைல நெட் இல்லன்னு பாத்ததும் தானா டேட்டா பக்கம் தாவிடும், அப்போ ரவுட்டர் பக்கம் திறக்கவே திறக்காது.

உள்ள டயக்னாஸ்டிக்ஸ்னு ஒரு இடத்துல பிங் (ஒரு அட்ரஸ்ல இருந்து பதில் வருதான்னு பாக்குறது), ட்ரேஸ்ரூட் (போற வழில எந்த இடம் வரைக்கும் போகுதுன்னு பாக்குறது) ரெண்டும் குடுத்திருக்கான், அது நல்லா வேல செய்யுது. ரவுட்டர்ல இருந்தே 8.8.8.8க்கு பிங் போகுது ஆனா சைட் பேர போட்டா போகலன்னா டிஎன்எஸ் தான் கோளாறு, அத 1.1.1.1ஓ 8.8.8.8ஓன்னு மாத்திப் பாத்தா சரியாகிடும். ரவுட்டர்ல இருந்து ஒழுங்கா போகுது, போன்ல இருந்து மட்டும் பாக்கெட் தொலையுதுன்னா வைஃபை. ரவுட்டர்ல இருந்தே தொலையுதுன்னா அதுக்கு அந்தப் பக்கம்.

வைஃபைய பத்தி பெருசா குறை இல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் 1, 6, 11 மூணுல ஒண்ண நாமளே போட்டு, சேனல் விட்த்த (அகலம்) 20 மெகாஹெர்ட்ஸ்ல வெச்சா நிம்மதி, ஆட்டோல விட்டா 40க்குப் போய் பக்கத்து வீட்டு வைஃபையோட எல்லாம் இடிச்சுக்குது. 5ல ஒரு விசித்திரம், சில சமயம் 5 கிகாஹெர்ட்ஸ் பேரு மட்டும் லிஸ்ட்ல இருந்து மறைஞ்சு ஒரு நிமிஷம் கழிச்சுத் திரும்ப வரும். ரவுட்டர் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேணாம், 52ல ஆரம்பிச்சு மேல இருக்குற சேனல்ல நிறைய ரேடாரோட பங்கு போட்டுக்குற சேனல், ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா இடத்த காலி பண்ணணும்னு ரூல், மறுபடி போறதுக்கு முன்னாடி 60 செகண்ட் காது குடுத்து கேட்டுட்டுத் தான் ஆன் ஆகணும். அடிக்கடி நடந்தா 36ல போட்டு விட்டுடுங்க. ரெண்டு பேண்டையும் ஒரே பேருல குடுக்குற ஆப்ஷன் டீஃபால்ட்டா ஆன்ல இருக்கு, ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக்கு செட் பண்ணும்போது அது கனெக்ட் ஆகாம உயிர எடுக்கும், அதுங்க நிறைய 2.4 மட்டும் தான் பிடிக்கும், பேர பிரிச்சு வெச்சா ஒரே தடவைல முடியும். யூஎஸ்பி 3 போர்ட் குடுத்திருக்கான், அதுல ஹார்ட் டிஸ்க் சொருகுனா 2.4 கொஞ்சம் நொண்டும், யூஎஸ்பி 3ல இருந்து வர்ற இரைச்சல் அந்த ஃப்ரீக்வென்சிலயே விழும்.

பெரிய குறை ஒண்ணு இருக்கு. வீட்ல யாராவது போட்டோ எல்லாம் பேக்கப் ஏத்த ஆரம்பிச்சா வீடியோ கால் திக்கும், கேம்ல பிங் எகிறும். ஸ்பீட் டெஸ்ட் எடுத்தா எல்லாம் நல்லா இருக்குன்னு வரும். அப்லோடு லைன் நிரம்பி பாக்கெட் எல்லாம் க்யூல தேங்கி நிக்குறது தான் காரணம், இத சரி பண்ண எஸ்க்யூஎம்னு ஒரு வசதி சில ரவுட்டர்ல உண்டு, இதுல இல்ல. இருக்குற க்யூஓஎஸ்ல (எந்த டிராஃபிக்குக்கு முன்னுரிமைன்னு சொல்ற செட்டிங்) இந்த டிவைஸுக்கு முதல் இடம்னு சொல்ல மட்டும் தான் முடியுது, ஓரளவுக்குத் தான் உதவுது. வீட்ல இருந்தே வேல பாக்குற ஆளுங்க, கேம் ஆடுற ஆளுங்க எஸ்க்யூஎம் இருக்குற ரவுட்டரா பாத்து வாங்குங்க, ஏஎக்ஸ் பக்கத்துல இருக்குற நம்பர் எவ்ளோ பெருசுன்னு பாக்காதீங்க.

ரீசெட் ஓட்டைய பத்தியும் சொல்லணும். பின்னாடி ஊசி நுழையுற அளவு ஓட்ட, உள்ள பத்து செகண்ட் அமுக்குனா எல்லாம் அழிஞ்சு புது டப்பா ஆகிடும். கஸ்டமர் கேர்ல போன எடுத்ததும் "ரீசெட் பண்ணுங்க"ன்னு ஈசியா சொல்லிடுறாங்க, ரீஸ்டார்ட் வேற ரீசெட் வேறன்னு பிரிச்சுச் சொல்றவங்க கம்மி. மோடத்துல அப்படி பண்ணா லாகின், வீலேன் எல்லாம் போய் கம்பெனி ஆள் வந்தா தான் உயிர் வரும். இந்த ரவுட்டர்ல செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஒரு ஃபைலா பேக்கப் எடுத்து வெச்சுக்கலாம், திரும்ப ஏத்துனா ரெண்டு நிமிஷத்துல வைஃபை பேரு பாஸ்வேர்ட் வரைக்கும் பழையபடி வந்துடுது, அதுக்கு ஒரு மார்க் கூடவே போடலாம். ரீஸ்டார்ட்டுன்னா ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு முதல்ல மோடத்த ஆன் பண்ணுங்க, லைட் எல்லாம் நிலைக்கு வந்த பிறகு ரவுட்டர். கேபிள் லைன்ல மோடம்னா சிலது முதல்ல பாத்த டப்பாவோட மேக் அட்ரஸ (ஒவ்வொரு டப்பாவுக்கும் இருக்குற ஹார்ட்வேர் நம்பர்) ஞாபகம் வெச்சுக்கிட்டு புது ரவுட்டருக்கு ஐபி குடுக்காம அடம் பிடிக்கும், கொஞ்ச நேரம் பவர எடுத்து வெச்சா மறந்துடும், இல்லன்னா பழைய டப்பாவோட நம்பரயே காட்டுற மேக் குளோன் ஆப்ஷன் இதுல இருக்கு.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். அரை மார்க் அந்த ஒத்த லைட்டுக்காக கட், அரை மார்க் ஆப்புக்கு, அரை எஸ்க்யூஎம் இல்லாததுக்கு. வாங்குனவங்க முதல் வேலையா ஃபர்ம்வேர் அப்டேட் போட்டுட்டு டபிள்யூபிஎஸ்ஸ (பட்டன் அமுக்கியோ பின் நம்பர் போட்டோ வைஃபைல சேர்க்குற வசதி) ஆஃப் பண்ணிடுங்க, ஆட்டோ அப்டேட் நேரத்தையும் மாத்துங்க, டீஃபால்ட்டா விட்டா நடு ராத்திரி தானா ரீஸ்டார்ட் ஆகும், ராத்திரி டவுன்லோடு போட்டு வெச்சா பாதில நின்னுடும்.